ஆறா, ஒன்பதா?

உதட்டுக்கு நடுவே ஏழெட்டுக் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுதான் பாபின் அக்கா ஹாக்கி பேசுவார். பேசுவது என்றால் வெறும் "ம்" தான். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆட்டத்தையே அலசிவிடுவார். ஏறி இறங்கும் "ம்" என்றால் சந்தேகம். வெட்டி விழும் "ம்" என்றால் உன் கருத்தை நீயே வைத்துக்கொள். மூக்கு வழியாக நீளமாக வந்தால் நடுவர் அநியாயம் செய்துவிட்டார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சுப் பொட்டலத்தில் குத்த ஆரம்பித்தாரென்றால் கடையில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அக்கா வாயிலிருந்து முழுசாக ஒரு வார்த்தை வரப்போகிறது என்று அர்த்தம்.

கடை மைதானத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. ஒரு பக்கம் சாவி செய்யும் கடை, மறுபக்கம் சலவைக் கடை. சலவைக் கடைக்கும் அக்கா கடைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். உள்ளே ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டும் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, திரைச்சீலை போட்ட ஒரு மூலை. வருகிறவர்கள் உட்கார ஒரு மரப்பலகை. அது மைதானத்துப் பழைய பெஞ்சு. புது நாற்காலி போட்டபோது தூக்கி எறிய இருந்ததை அக்கா கேட்டு வாங்கி வந்தார். 14, 15, 16 என்று பழைய எண்கள் இன்னும் அதில் அழியாமல் இருக்கின்றன.

வாக்குவாதம் முற்றி, யாராவது "நீங்களே சொல்லுங்கக்கா" என்று நியாயம் கேட்டால், "இருங்க, பாபின் மாத்திக்கறேன்" என்று கீழ் நூல் உருளையை மாற்ற மிஷினுக்கு அடியில் குனிந்துகொள்வார். நிமிர்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

காலையில் மிஷின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் மிதியில் கால் வைக்கமாட்டார். கடவுளிடம் தினமும் பேசுகிறவர்தான். ஆனால் நம்ம டீம் ஜெயிக்கணும் என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை. "எதிர் டீமுக்கும் சாமி அவர்தானே? ரெண்டு பிள்ளைங்க ஒரே பந்தைக் கேட்டா அவரு பாவம் என்ன செய்வாரு? யாருக்கும் அடிபடக்கூடாதுன்னு கேப்பேன். அவ்வளவுதான்" என்பார்.

அந்த ஊர் ஹாக்கி அணியின் சட்டைகளுக்கு எண் தைப்பது பதினோரு வருடமாக அக்காதான். ஆட்டமில்லாத நான்கு மாதமும் அவருக்குக் கை ஓயாது. அணியை விட்டுப் போகிறவரின் எண்ணைப் பிளேடால் பிரிக்க வேண்டும், வருகிறவருக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும். யார் போகிறார், யார் வருகிறார் என்பது முதலில் கிளப் செயலாளருக்குத் தெரியும். அடுத்து அக்காவின் பிளேடுக்குத் தெரியும். "நாங்க அறிவிக்கிற வரைக்கும் வெளிய போகக்கூடாதும்மா" என்று செயலாளர் முதல் வருடமே கேட்டுக்கொண்டார். அக்கா தலையாட்டினார். ஆட்டினது ஆட்டினதுதான். தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னாலும் ஆபத்தில்லை, ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்க்கும் அந்த மனிதருக்குத் தூக்கம் ஒன்றுதான் விளையாட்டு.

இப்படி ஒரு கடை இருந்தால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று பேர் தினமும் வருவார்கள். ஒருவர் அக்காவின் கொழுந்தன், பஸ் டிரைவர். காலை வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேரே இங்கேதான். இன்னொருவர் தெருமுனை ஆஸ்பத்திரி நர்ஸம்மா. மூன்றாவது ஆள் தபால்காரர். எட்டு அணிகளில் முதல் நான்கு இடம் பிடிப்பவை கடைசிச் சுற்றுக்குப் போகும். நம் அணி மூன்று வருடமாக ஐந்தாவது. இந்த வருடம் என்ன ஆகும் என்று கேட்டால் நர்ஸம்மா, "நூத்துக்கு அறுபது" என்பார். கொழுந்தன், "நூத்துக்கு ஆறு" என்பார். தபால்காரர் ஒவ்வொரு வருடமும், "நூத்துக்கு நூறு."

"முன்வரிசைக்கு ரெண்டு புது ஆளாம்" என்று ஆரம்பிப்பார் தபால்காரர். "மைதானத்துல புல் வெட்டுறவரு சொன்னாரு."

"அவரு போன வருஷம் சொன்னதுல எது நடந்துச்சு?" என்பார் கொழுந்தன்.

"புல்லு வளந்துச்சே."

"கோச்சும் புதுசு. மூணு டீமைக் கடைசி நாலுக்குக் கொண்டுபோனவராம்" என்பார் நர்ஸம்மா.

"மூணு டீமும் போச்சு, உண்மைதான். அவரை அனுப்பிச்சப்புறம் போச்சு."

"மூணு வருஷமா அஞ்சாவது வந்தவங்க நாம. இனிமே எதுக்கு அஞ்சணும்?" என்பார் தபால்காரர்.

இந்த இடத்தில்தான் அக்கா ஊசிகளை எடுத்துப் பொட்டலத்தில் குத்துவார். "முன்னாடி எவ்வளவு ஜரிகை வச்சாலும், பின்னாடி தையல் விட்டுச்சுன்னா மானம் போயிடும்" என்பார். தற்காப்பு ஆட்டக்காரர்களைச் சொல்கிறார் என்று மூவருக்கும் புரியும். அக்காவுக்கு ஹாக்கி பாஷை தெரியாது. தையல் பாஷையில் சொல்வார். சொன்னது சரியாகவே இருக்கும்.

அந்தப் பின்பக்கத் தையல் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் ஆறாம் எண் கேப்டன். புதன்கிழமை அவர் சலவைக் கடை வழியாக, நீராவியோடு நீராவியாக உள்ளே வந்தார். கையில் தன் சட்டை. முகத்தில் திருடின களை.

"அக்கா, இது ஏறமாட்டேங்குது."

போட்டுப் பார்க்கச் சொன்னார் அக்கா. தலை நுழைந்தது, தோள் நுழைந்தது, அதற்குக் கீழே பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"கல்யாணம் ஆகி மூணு மாசம்தானே தம்பி ஆச்சு?"

"அதாங்க்கா பிரச்சன. எங்கம்மா வீடு மாடில, எங்க வீடு கீழ. மாடில சாப்பாடு வேணாம்னா கோவம், கீழ போதும்னா கோவம். ரெண்டு பேர் மனசையும் நோகடிக்கக்கூடாதுன்னு பாத்தேன்."

"மனசு நோகல. தையல்தான் நோகுது."

"ஒரு மாசத்துல ஓடிக் கரைச்சிடுவேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. புது கோச் காதுக்குப் போச்சுன்னா முதல் நாளே பெஞ்சுல உக்கார வச்சிடுவாரு."

அக்கா இதற்கும் தலையாட்டினார். முதுகில் இருந்த ஆறைப் பிரித்து, சட்டையை நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் பட்டி கொடுத்து அகலமாக்க வேண்டும். பிறகு எண்ணைத் திரும்பத் தைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை.

பிரித்த எண்களை எப்போதும் ஒரு மஞ்சள் துணி போட்டு மூடிவைப்பார். வியாழக்கிழமை அந்த மஞ்சள் துணி சலவைக்குப் போயிருந்தது. வெட்டும் மேஜை நடுவில் அந்த வெள்ளை எண் தனியாகக் கிடந்தது. கொழுந்தன் பலகையில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா அவருக்கு எதிரே, மேஜைக்கு அந்தப் பக்கம், கண்ணாடி முன் நின்றிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள்.

"ஆறு!" என்று அலறினார் கொழுந்தன்.

"ஒன்பது!" என்று கை தட்டினார் நர்ஸம்மா.

"அண்ணி, ஆறைப் பிரிச்சிட்டீங்களா? கேப்டன் போறாரா?"

"என்ன ஆறு? கண்ணை நல்லாத் தொடச்சிட்டுப் பாருங்க, ஒன்பது. வலைக்கு நேரா நின்னு வானத்துக்கு அடிப்பாரே, அந்தப் புண்ணியவான் போறாரு. நூத்துக்கு அறுபது இல்ல, எண்பது!"

"இங்க வந்து பாருங்க, ஆறு."

"நீங்க இங்க வாங்க, ஒன்பது."

இருவரும் இடம் மாறிப் பார்த்தார்கள். இப்போது அவருக்கு ஒன்பது, இவருக்கு ஆறு. ஆனாலும் முதலில் பார்த்ததை இருவருமே விடுவதாக இல்லை. அப்போது உள்ளே வந்த தபால்காரர் தலையைச் சாய்த்து, "எனக்கு என்னமோ தலைப்பிரட்டை மாதிரி இருக்கு" என்றார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அக்கா முதன்முதலாக எண் தைத்த வருடம், ஒரு ஆறைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். அரை ஆட்டம் முழுக்க இரண்டு ஒன்பதுகள் ஓடின. ஒரு ஒன்பது செய்த தப்புக்கு இன்னொரு ஒன்பதை வெளியே உட்காரவைத்தார் நடுவர். அன்றிலிருந்து ஆறின் பின்பக்கம், அடிப்பாகத்தில், கடுகளவு ஒரு நீல முடிச்சு போட்டுவிடுவார் அக்கா. அந்த எண்ணைப் புரட்டினால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் முடிச்சின் அர்த்தம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று முகங்களும் அக்காவைப் பார்த்தன. அக்கா மணிக்கட்டுப் பொட்டலத்தில் மிச்சமிருந்த ஊசிகளையும் எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "ம்" என்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பதினோரு வருடத்தில் யாரும் கேட்டிராத "ம்".

"பாத்தீங்களா, ஆறுதான்" என்றார் கொழுந்தன், தலையில் கை வைத்துக்கொண்டு.

விளையாட்டாகப் போயிருக்க வேண்டியது அங்கேதான் வினையானது. மைதானத்தில் இந்த நால்வருக்கும் ஒரே வரிசையில் நான்கு நாற்காலி. அதை வருடா வருடம் புதுப்பிக்க ஒரே படிவம், நான்கு கையெழுத்து. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வரிசை கலைந்துவிடும். ஆளுக்கொரு மூலையில் இடம் விழும். ஆட்டக்காரர்களின் பட்டியலை அறிவிப்பதோ அதற்கு அப்புறம், ஏழு மணிக்கு. நர்ஸம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டார். தபால்காரர் முந்தின நாளே போட்டிருந்தார். அக்காவும் போட்டார். கொழுந்தன் பேனாவைத் தொடவில்லை.

"ஆறு வத்திப்போன ஊர்ல எனக்கென்ன வேலை? நான் இந்த வருஷம் வரலண்ணி."

கொழுந்தன் பக்கத்து நாற்காலியில் இருப்பது எவ்வளவு அவசியம் என்று அக்காவுக்குத்தான் தெரியும். பெனால்டி கார்னர் வந்தால் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். ஆட்கள் மட்டையோடு கோலை நோக்கிப் பாய்வதைப் பார்க்க அவருக்குத் தைரியம் கிடையாது. வலதுபக்கம் உட்கார்ந்திருக்கும் கொழுந்தன் காதருகே சொல்லிக்கொண்டே வருவார். "தள்ளிவிட்டுட்டாங்க... நிறுத்திட்டாங்க... அடிச்சிட்டான்... தடுத்தாச்சு. அண்ணி, இப்பத் திறக்கலாம்." வேறு யார் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன? எப்போது கண்ணைத் திறப்பது என்று யார் சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை கொழுந்தன் வரவில்லை. சனிக்கிழமை வந்தார். படிவத்தின் மேல் கண் படாதபடி பலகையின் ஓரத்தில், 16 மேல், பாதி உடம்பு வெளியே இருக்க உட்கார்ந்தார். மணி ஐந்தேகால்.

"ஒரு கையெழுத்துங்க. உங்க கிட்னியா கேக்கறோம்?" என்றார் நர்ஸம்மா.

"கிட்னின்னா யோசிக்காமக் குடுப்பேன்."

"நூத்துக்கு ஆறுன்னு சொல்லிச் சொல்லியே ஆறைத் துரத்திட்டீங்க" என்றார் தபால்காரர்.

கொழுந்தன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத முகத்தை அக்கா அன்றுதான் பார்த்தார். கேப்டன் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அப்புறம் எதற்கு எண்ணைப் பிரித்தீர்கள் என்று கேட்பார். பொய் சொல்ல வராது. உண்மையோ அடுத்தவருடையது. மிஷின் சக்கரத்தின் மேல் கை வைத்தார். கடவுளே, பொய்யும் வேண்டாம், வாக்குத் தவறவும் வேண்டாம், நடுவில் ஒரு சந்து காட்டு என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மிஷினில் கீழ் நூல் தீர்ந்திருப்பது கண்ணில் பட்டது.

யாருக்குக் கொடுத்த வாக்கோ, அவரிடமே கேட்டால் என்ன?

"பாபின் மாத்திட்டு வந்துடறேன்" என்று எழுந்து, போனை எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குள் போனார். பாபின் டப்பா மிஷின் மேலேயே இருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீராவிக்கு நடுவே நின்று அக்கா போனில் கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னார். "தம்பி, நான் இன்னும் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. உங்க வாயாலயே எனக்கு வழி சொல்லுங்க. மூணு பேருக்கு மட்டும் சொல்லலாமா?"

அந்தப் பக்கம் தட்டில் ஏதோ வைக்கும் சத்தம். "நீங்க சொல்லவேண்டாங்க்கா. நானே வர்றேன். சாப்பாட்டை அப்படியே வச்சிட்டு வர்றேன்."

"ஐயோ, பாதில எழுந்திருக்காதீங்க. சாப்பிட்டு முடிச்சிட்டே வாங்க."

"நீங்களுமாக்கா?"

ஐந்தே முக்காலுக்கு முன்வாசல் வழியாக, தலை நிமிர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு வந்தார் கேப்டன். நேரே திரைக்குப் பின்னால் போனார். அக்கா தைத்து முடித்திருந்த சட்டையைத் திரைமேல் போட்டார். கேப்டன் போட்டுக்கொண்டு வெளியே வந்து மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினார். எண் இன்னும் தைக்கவில்லை. மேஜையிலிருந்து அதை எடுத்த அக்கா, நேராகப் பிடித்து, நான்கு ஊசியால் அந்த அகலமான முதுகின் நடுவில் குத்தினார்.

ஆறு.

கொழுந்தன் எழுந்த வேகத்தில் பலகையின் மறுமுனையில் இருந்த தபால்காரர் சரிந்தார்.

"கேப்டன்! நீங்க போகலையா?"

"எங்கண்ணே போறது? போகல. அகலமாயிட்டேன், அவ்வளவுதான்" என்றவர், அடக்கியிருந்த மூச்சை விட்டார். சட்டை அக்கா கொடுத்த பட்டி முழுவதும் நிறைந்தது.

கொழுந்தன் அவரைச் சுற்றி வந்தார். காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன் டயரைத் தட்டிப் பார்ப்பாரே, அதே நடை. முன்னே ஒரு பார்வை, பின்னே ஒரு பார்வை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"திருப்பத்துல கொஞ்சம் இடம் எடுக்கும். ஆனா வண்டி ஸ்ட்ராங். கோல் வாசல்ல நீங்க நின்னா கீப்பருக்கு லீவு குடுத்துடலாம்!"

முதலில் சிரித்தது கேப்டன்தான். அப்புறம் சாவிக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வாயில் ஊசி இருந்ததால் தோள் மட்டும் குலுங்கியது.

நர்ஸம்மாவுக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப அது ஒன்பது இல்லையா? வானத்துக்கு அடிக்கிறவரு இங்கயேதான் இருக்காரா? அக்கா?"

"ம்" என்றார் அக்கா. அது எந்த "ம்" என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை.

"கடவுளே, நான் எதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்?"

"என்னை நம்பிப் போட்டீங்க. நூத்துக்கு நூறு" என்றார் தபால்காரர்.

மணி ஐந்து ஐம்பது. கொழுந்தன் பேனாவைத் தேடினார், படிவத்தைத் தேடினார், மேஜை முழுக்கத் துணியாகக் கிடந்தது. "கேப்டன், கொஞ்சம் குனிங்க" என்று அவர் முதுகிலேயே, எண்ணுக்கு மேலே, படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். "இதைவிட நல்ல மேஜை எங்க கிடைக்கும்!" தபால்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். அவர் கொண்டுபோன எதுவும் இதுவரை நேரம் தவறிச் சேர்ந்ததில்லை.

"அண்ணே" என்றார் கேப்டன் கொழுந்தனிடம், குரலைத் தாழ்த்தி. "ஒரு மாசம் பொறுங்க. வெளிய சொல்லிடாதீங்க."

"நானா? நான் எதுக்குச் சொல்றேன்? சத்தியமா என் வாயிலேருந்து ஒரு வார்த்தை..."

நர்ஸம்மா கூரையைப் பார்த்தார். அந்த வாய் ஒரு நாளைக்கு எத்தனை பயணிகளோடு எத்தனை தடவை ஊரைச் சுற்றி வருகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தார். பொட்டலம் காலியாக இருந்தது. ஊசி டப்பாவிலிருந்து புது ஊசிகள் சிலவற்றை எடுத்துப் பொட்டலத்தில் குத்தினார். இடது மணிக்கட்டைக் கொழுந்தன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் அண்ணியைப் பார்த்தார், ஊசிகளைப் பார்த்தார், ஒன்றை எடுத்து உதட்டுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அக்காவின் கை இறங்கவில்லை. இன்னொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார்.